புகையும் நெருப்பும்: காரைக்குடியில் ஆற்றிய உரை

அவைத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மாமன்ற உறுப்பினர்களே, பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, வணக்கம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை இங்கே வரவழைத்த வள்ளல் அழகப்பரை வணங்காமல் இந்த ஊரில் அறிவியல் பேச முடியாது.

அழைப்பிதழில் மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள்: காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து பூமிமேல் பொழியும் அதிவேகத் துகள்கள், எங்கே பிறக்கிறது, அதை எப்படிக் கண்டார்கள், அடுத்து என்ன?

1912 ஆகஸ்ட் 7. ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் ஹைட்ரஜன் பலூனில் ஏறுகிறார். கூடையில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகள். கதிர்வீச்சு மண்ணிலிருந்து வருவதானால் மேலே போகப்போகக் குறையவேண்டும் அல்லவா? முதலில் குறையத்தான் செய்தது. பிறகு ஏறியது. 5,300 மீட்டர் உயரம்வரை போனார்; அங்கே தரையில் இருந்ததைவிட மிக அதிகம்! சூரியனிலிருந்து வருமோ? அந்த ஏப்ரலிலேயே கிரகணத்தின்போது பறந்து பார்த்துவிட்டார் மனிதர். சூரியன் மறைந்தும் அளவு குறையவில்லை. அவர் கண்டதுதான் காஸ்மிக் கதிர். 1936இல் நோபல் பரிசு.

நெருப்பில்லாமல் புகையாது. அந்த நெருப்பு எங்கே? விண்மீன் வெடித்த எச்சத்தின் அதிர்ச்சி அலை புரோட்டான்களை முடுக்குகிறது; காஸ்மிக் கதிரில் பெரும்பகுதி இந்தப் புரோட்டான்கள்தாம். மின்னூட்டம் உள்ளதால் வழியெல்லாம் காந்தப்புலம் அவற்றை வளைக்கும். வந்த திசை தெரியாது. பக்கத்தில் மூலக்கூறு முகில், அதாவது அடர்ந்த வாயு மேகம், இருந்தால் கதை மாறும். வெறும் வெளியில் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஓர் அணு. முகிலில் நூறு, ஆயிரம். புரோட்டான் மோதிப் பிறக்கும் நடுநிலைப் பையான் என்ற துகள் உடனே இரண்டு காமாக் கதிராகச் சிதைகிறது. காமா வளையாது; பிறந்த இடத்தை நேரே காட்டும்.

நெருப்பில்லாமல் புகையாது, சரி, எந்த நெருப்பு? எலக்ட்ரானும் காமா தரும். பையான் என்றால் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குக் கீழே காமாவின் நிறமாலை சட்டென்று சரியும். 2013இல் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கிக் குழு ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு விண்மீன் வெடிப்பு எச்சங்களிலும் அந்தச் சரிவைக் காட்டியது. சுலபமில்லை: 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஃபெர்மியின் பார்வை பல டிகிரி மங்கும், ஐசி 443இன் அகலமோ ஒரு டிகிரிகூட இல்லை. பால்வழியின் பின்னணி ஒளியைத் தப்பாகக் கழித்தால் இல்லாத சரிவும் தெரியும். அதனால் 1,720 மெகா ஹெர்ட்ஸில் ஹைட்ராக்சில் மேசர், அதாவது ஹைட்ராக்சில் மூலக்கூறு உமிழும் வலுவான ரேடியோ அலை, இருக்கிறதா என்று ரேடியோவிலும் பார்ப்பார்கள். இருந்தால் அதிர்ச்சி அலை முகிலில் மோதுவதற்கு நல்ல சாட்சி.

இதைவிட உயர்ந்த ஆற்றலுக்கு லடாக் ஹான்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் நம் மேஸ் காமாக் கதிர்த் தொலைநோக்கி நிற்கிறது, 21 மீட்டர் விட்டம். காமா காற்றில் மோதும்போது சில நானோநொடி மட்டும் தோன்றும் நீல ஒளியைப் பிடிப்பது அது. இருட்டுதான் அதன் மூலதனம்.

நம் இருட்டு எங்கே போனது? ஐசி 443 கண்ணுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அது இருக்கும் மிதுனத்தின் கால்பக்கம் தை மாத இரவில் உச்சிக்கருகே வரும். மொட்டை மாடியில் ஏறினால் அந்த மங்கலான விண்மீன்களும் தெரிவதில்லை. கல்யாண மண்டபம், கடை, கோபுரம், எல்லா ஃபிளட் லைட்டும் வானத்தைப் பார்க்கின்றன. மாமன்ற உறுப்பினர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: தெருவிளக்குக்கு மேல்மூடி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எல்இடி, இரவு பத்துக்குமேல் அலங்கார விளக்கு அணைப்பு. மூன்றாவது தலைப்புக்கு மணி அடித்துவிட்டார்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள்.