அந்த ஒட்டும் கைப்பிடியைப் புகழ்ந்ததற்கு மன்னியுங்கள்

வணக்கம். இன்று கொஞ்சம் கோபத்தில் இருக்கிறேன். சுவரைத் துளைக்கவே வேண்டாம், வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று குளியலறைக்கு ஒரு கைப்பிடியைக் காட்டிப் புகழ்ந்து தள்ளினேனே, நினைவிருக்கிறதா? காலையில் அது என் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, பிடித்தது நான். அம்மாவாக இருந்திருந்தால்?

அதன் ரப்பர் கிண்ணம் இரண்டு டைல்களுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தக் கோட்டின் வழியே காற்று மெல்ல மெல்ல உள்ளே புகுந்து, பிடி தளர்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே அதனால்தான்.

"துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதாதா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போதாது. அது துண்டைத் தாங்கத்தான், ஆளைத் தாங்க அல்ல.

ஆகவே எவர்சில்வர் கம்பி, ஆறு திருகாணி, நான், டிரில்லிங் மெஷின். முதல் துளையிலேயே முனை வழுக்கி டைலில் ஒரு கீறல். இதோ, கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள்! பிறகுதான் புத்தி வந்தது. குறித்த இடத்தில் காகித டேப்பை ஒட்டினேன். டைல் தாண்டும்வரை இடிக்கும் பொத்தானை அணைத்து மெதுவாகத் துளைத்தேன், சுவர் வந்ததும் அதைப் போட்டேன். மீதி ஐந்தும் வெண்ணெய். முடித்ததும் என் முழு எடையோடு தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை! இன்னொரு முறையும் தொங்கினேன், ஆசைக்கு.

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விழாமல் காப்பாற்றக் கம்பி மட்டும் போதாது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் சில முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடும். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தள்ளாட்டமும் சேரும். அதனால் அம்மா இப்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தை ஆட்டிவிட்டு, பிறகே எழுகிறார். வழியில் சிறு விளக்கு எரிகிறது. தரையில் வழுக்குகிற கால்மிதிகளைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையும் செய்தோம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு 14. கடிகாரம் தப்பாம்! இருந்தாலும் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை மறுநாளே தொடங்கிவிட்டார். கால் வலுத்தால்தான் நடை தள்ளாடாமல் இருக்கும்.

சரி, வாருங்கள், கம்பியைக் காட்டுகிறேன். இதோ... அம்மா! இதில் ஈரத் துண்டைப் போட்டது யார்?