80 என்று எழுதும் முன்

அவையோருக்கு வணக்கம். மாணவச் செல்வங்களே, ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். புரோமின் அணுவில் எத்தனை நியூட்ரான்?

தனிம வரிசை அட்டவணையைப் பார்க்கிறீர்கள். அணு எண் 35. கீழே சராசரி அணு நிறை 79.90. அதை 80 ஆக்கி, 35-ஐக் கழித்து, 45 என்று எழுதுகிறீர்கள். கழித்தலில் பிழை இல்லை. ஆனால் 45 நியூட்ரான் உள்ள அணு இயற்கைப் புரோமினில் கிடையாது! அங்கே இருப்பவை இரண்டே வகை. நிறை எண், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை, 79 உள்ளதில் 44 நியூட்ரான்; 81 உள்ளதில் 46. இரண்டும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்திருப்பதால் சராசரி 80-ஐ ஒட்டி நிற்கிறது. அப்பாவுக்கு 40 வயது, மகனுக்கு 10 வயது என்றால் சராசரி 25. அந்த வீட்டில் 25 வயதுக்காரர் யார்?

தாமிரமும் இப்படித்தான். 63.55 என்பதை 64 ஆக்கி, அணு எண் 29-ஐக் கழித்தால் 35 நியூட்ரான் வரும். இயற்கையில் உள்ளவையோ 63, 65 மட்டுமே. நியூட்ரான்கள் 34, 36.

அட்டவணை உறுதியாகத் தருவது புரோட்டான் எண்ணிக்கை ஒன்றைத்தான். அதுவே அணு எண். 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி தனிமங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்து, வரிசை எண் என்பது அணுக்கருவின் மின்சுமையே என்று நிறுவினார். அதனால்தான் 127.60 நிறையுள்ள டெலூரியம் 52-ஆம் கட்டத்திலும், அதைவிட லேசான 126.90 அயோடின் 53-ஆம் கட்டத்திலும் இருக்கின்றன. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. அது கூடினாலும் குறைந்தாலும் தனிமம் கட்டம் மாறுவதில்லை. ஆகவே கட்டத்தைப் பார்த்து நியூட்ரானை எண்ண முடியாது. எந்த ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தில் எத்தனை நியூட்ரான் உள்ள வகை, என்று தெரிய வேண்டும்.

கேள்வியில் 'குளோரின்-37' என்று இருந்தால் 37-இலிருந்து 17-ஐக் கழியுங்கள்: 20 நியூட்ரான். அட்டவணையின் 35.45-ஐ அங்கே தொடவே கூடாது. நிறை எண் தரப்படாதபோதுதான் முழு எண்ணாக்கும் வழி. அது சோடியம், அலுமினியம், பாஸ்பரஸ் போன்றவற்றில் பிசகாது. இயற்கையில் அவற்றுக்கு ஒரே ஐசோடோப்தான். சோடியம் 22.99, ஆகவே 23. அதில் 11 போக 12 நியூட்ரான். தசமம் முழு எண்ணை விட்டு வெகுதூரம் விலகியிருந்தால் கலவை என்று உடனே சந்தேகப்படுங்கள். ஆனால் புரோமினைப் போல முழு எண்ணுக்கு அருகில் நின்றும் ஏமாற்றும். அதனால் ஐசோடோப் பட்டியலைப் பார்ப்பதே பாதுகாப்பு.

அடுத்து எலக்ட்ரான். நடுநிலை அணுவில் அது புரோட்டானுக்குச் சமம். மின்சுமை பெற்ற அணுவான அயனியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கூட்டல் குறியைக் கண்டதும் கூட்டிவிடுகிறார்கள். எலக்ட்ரான் எதிர்மின் சுமை உடையது; அதை இழந்தால்தான் அணு நேர்மின் அயனியாகும். இரும்பு-56, சுமை கூட்டல் 3 என்றால் 26 புரோட்டான், 30 நியூட்ரான், 23 எலக்ட்ரான். குளோரைடுக்குச் சுமை கழித்தல் 1. அதில் 18 எலக்ட்ரான்.

இன்னொன்று. 10 எலக்ட்ரான் என்றதும் நியான் என்று எழுதிவிடாதீர்கள். சோடியம் அயனிக்கும் 10, ஃபுளூரைடு அயனிக்கும் 10. புரோட்டான் எத்தனை என்று பாருங்கள். 11 என்றால் சோடியம், 9 என்றால் ஃபுளூரின், 10 இருந்தால்தான் நியான்.