ஒரு பிள்ளை, இரண்டு ரிட்டர்ன்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும் ஜோடிகளில் சிலருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. ஒரே வீடு, ஒரே குழந்தை. ஆனால் ரிட்டர்ன் மட்டும் தனித்தனி. உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான்: "பிள்ளையை ஆளுக்குப் பாதி போட்டுக்கலாமா?" பிள்ளையைப் போடுவது என்றால், நம் ஆதரவில் வளர்கிறது என்று ரிட்டர்னில் காட்டி வரிச் சலுகை வாங்குவது.

முடியாது. ஒரு வருடத்துக்கு ஒரு பிள்ளை ஒரே ரிட்டர்னில்தான் வரலாம். சைல்டு டாக்ஸ் க்ரெடிட் (பிள்ளைக்காக வரியில் நேராகக் கழித்துக்கொடுக்கும் தொகை) எனக்கு, மற்ற சலுகை உனக்கு என்று பங்கு பிரிக்கவும் வழியில்லை. அப்படி விட்டுக்கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது. அது பிரிந்து வாழும் பெற்றோருக்கு மட்டும்.

யார் பிள்ளையைப் போடுவது என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பேசாமல் இருவருமே போட்டுவிட்டால்தான் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். நடுவில் வரும். குழந்தை யாரோடு அதிக நாள் இருந்தது என்று பார்ப்பார்கள். ஒரே வீட்டில் அது சமம்தானே? அப்போது வருமானம் கூடியவருக்குத்தான் பிள்ளை. இதைக் கேள்விப்பட்டுவிட்டு, எப்போதுமே அதிகம் சம்பாதிப்பவர்தான் போட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பணம் போகிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டுக்கு அப்பாவின் சம்பளம் 70,000 டாலர், அம்மாவுக்கு 30,000. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அப்பாவுடையது. அவர் பிள்ளையைப் போட்டால் 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு', அதாவது குடும்பத் தலைவர் என்ற வரிப் பிரிவுக்கு மாறலாம். வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் தொகை 15,750இலிருந்து 23,625 ஆக உயரும். குறைந்த விகித வரி அடுக்குகளும் அகலமாகும். இரண்டும் சேர்ந்து வரி சுமார் 1,620 டாலர் குறையும். சைல்டு டாக்ஸ் க்ரெடிட் 2,200. ஆக மொத்தம் 3,800 சொச்சம்.

இப்போது அம்மா போடட்டும். அதே 2,200 அவருக்கும் உண்டு. கூடவே, குறைந்த வருமானக்காரர்களுக்கான 'ஏர்ன்டு இன்கம் க்ரெடிட்' சுமார் 3,260 டாலர். மொத்தம் 5,400க்கு மேல்! அப்பாவின் சம்பளத்துக்கு அந்த க்ரெடிட் ஒரு டாலர்கூடக் கிடையாது. பிள்ளையைப் போடுபவருக்கும் பிள்ளைக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

எல்லார் வீட்டிலும் இப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் மாறினால் விடையும் மாறும். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள், மென்பொருளில் பத்து நிமிட வேலை.

அப்புறம், நான் அதிகம் பார்க்கிற தவறு: இரண்டு பேருமே 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு' என்று டிக் அடித்துவிடுவது. ஒரு வீட்டின் செலவில் பாதிக்கு மேல் இரண்டு பேர் எப்படிக் கொடுக்க முடியும்? இரண்டு பிள்ளைகள் இருந்து, ஆளுக்கு ஒன்றைப் போட்டாலும் இதே கதைதான்.

குழந்தை, கல்யாணம் ஆகாமல் உங்களோடு வாழும் துணைவியின் முந்தைய உறவில் பிறந்தது என்றால் கணக்கு வேறு. அம்மாவுக்கு ரிட்டர்ன் போடும் அளவு வருமானமே இல்லாமல், ஆண்டு முழுக்க அந்தக் குழந்தை உங்கள் வீட்டில், பெரும்பாலும் உங்கள் செலவில் வளர்ந்திருந்தால் 500 டாலர் க்ரெடிட் கிடைக்கலாம். 2,200 கிடைக்காது. வாடகை ரசீது, பள்ளிக் கடிதம் இதெல்லாம் பத்திரமாக இருக்கட்டும். ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து கடிதம் வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

நன்றி, வணக்கம்.