சின்னத் துப்பாக்கி, பெரிய கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பயங்கரவாதிகளைக் கேலி செய்யும் படம் அவர்கள் பலத்தைக் குறைக்கிறதா, ஆபத்தை மறைக்கிறதா? குறைக்கிறது என்பது எங்கள் அணி. பேச எடுத்துக்கொண்டது 2010இல் வந்த பிரிட்டிஷ் படம், கிறிஸ் மாரிஸ் இயக்கிய 'ஃபோர் லயன்ஸ்'. தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டம் போடும் சில பிரிட்டிஷ் இளைஞர்களைப் பற்றிய நகைச்சுவைப் படம்.

எதிரணி நண்பர் 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பில் தொடங்கினார். 52 பேரைப் பறிகொடுத்த நாட்டில் ஐந்தே வருஷத்தில் என்ன சிரிப்பு என்றார். நியாயமான கோபம்தான். ஆனால், ஐயா, படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். தாக்குதலுக்கு முன் விடைபெறும் வீரமரண வீடியோ எடுக்கிறார்கள் அந்த இளைஞர்கள். கையில் இருப்பது பொம்மைத் துப்பாக்கி. ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்கிறான் ஒருவன். என் கை பெரிசு, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்கிறான் பிடித்திருப்பவன்! பையன்கள் மயங்குவது கொள்கையில் மட்டுமா? அந்த வீடியோ மிடுக்கிலும்தானே. அங்கேயே கை வைக்கிறது படம். அப்புறம் பாகிஸ்தான் முகாமுக்குப் போகிறார்கள். தலைவன் உமர் ராக்கெட் லாஞ்சரைத் திருப்பிப் பிடித்துச் சுடுகிறான். தன் வினை தன்னைச் சுடும் என்போம். இங்கே பின்னால் இருந்த கூட்டாளிகளைச் சுட்டது.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்றார் நண்பர். நிஜத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2000 ஜனவரி, ஏமன் நாட்டின் ஏடன் துறைமுகம். அமெரிக்கப் போர்க்கப்பலைத் தகர்க்க அல்கொய்தா பயங்கரவாதிகள் படகில் வெடிமருந்து ஏற்றினார்கள். பாரம் தாங்காமல் படகே மூழ்கியது. இதை எந்த வசனகர்த்தாவும் எழுதவில்லை.

நண்பர் எழுந்திருக்க வேண்டாம், மீதியையும் நானே சொல்கிறேன். அதே வருஷம் அக்டோபரில், அதே ஏடனில் 'கோல்' என்ற கப்பலைத் தாக்கினார்கள். 17 மாலுமிகள் இறந்தார்கள். முட்டாள் வேறு, ஆபத்தில்லாதவன் வேறு. படத்துக்கு இது நன்றாகவே தெரியும். லண்டன் மாரத்தான் காட்சியில், உடம்பில் குண்டு கட்டிய கூட்டாளி பாரி சிம் கார்டை விழுங்கி மூச்சுத் திணறுகிறான். வழியில் போனவர் ஒருவர் பாவம் பார்த்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றை அழுத்துகிறார். குண்டு வெடிக்கிறது. காப்பாற்ற வந்தவரும் போனார். இதில் ஆபத்து எங்கே மறைந்தது?

போலீஸையும் விடவில்லை. வேஷம் போட்டு ஓடும் யாரையோ தவறாகச் சுட்டுவிட்டு, அது கரடியா இல்லையா என்று வாதாடுகிறார்கள். வன்முறையே வேண்டாம் என்ற உமரின் சகோதரன், தொழுகையும் தாடியுமாக இருந்தவன், அவன்தான் போலீஸிடம் மாட்டுகிறான்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடிக்கிறேன். உமர் தன் மகனுக்குத் தூங்கும்முன் சிங்கக்குட்டிக் கதை சொல்கிறான், தன் சதியையே அதில் கலந்து. பையன் ஆசையாகக் கேட்கிறான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரணி நண்பருக்கு வந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள், நடுவரே.