தயிரும் பித்தமும்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் இருந்துகொண்டு சூட்டைப் பற்றிக் கேட்க ரேடியோ வேறு வைக்க வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் காய்ந்துவிட்டு ராத்திரி முழுக்க அனலை நம் மேல் தள்ளுகிறது. ஆனாலும் வெயில் வேறு, உடம்புக்குள் இருப்பதாக ஆயுர்வேதம் சொல்லும் சூடான பித்தம் வேறு. இதைப் பலமுறை சொல்லியாயிற்று, இன்றும் சொல்கிறேன்.

கத்திரி வெயில் வந்தால் நுங்கு, இளநீர், வெள்ளரிப்பிஞ்சு என்று நாம் ஓடுவோம். ஓடட்டும், நல்லதுதான். ஆயுர்வேதக் கணக்கில் பித்தம் மழைக்காலத்தில் மெல்லச் சேர்ந்து, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது பொங்குகிறது. சரத் ருது என்பார்கள். நமக்கு ஏறக்குறைய புரட்டாசி, ஐப்பசி. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே காலம். கண் எரிச்சல், வாய்ப்புண், நெஞ்செரிச்சல் என்று என்னிடம் ஆட்கள் அதிகம் வருவதும் அப்போதுதான். சித்திரையில் காட்டிய ஜாக்கிரதையில் பாதியைக்கூட அந்த மாதங்களில் யாரும் காட்டுவதில்லை.

சாப்பாட்டில் விதி எளிது. புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் பித்தத்தைக் கூட்டும். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றும் குறைக்கும். இப்போது ஆம்பூர் பிரியாணியை நினைத்துப் பாருங்கள். காய்ந்த மிளகாய் அரைத்துப் போட்டது. தொட்டுக்கொள்ளப் புளி ஊற்றிய கத்திரிக்காய். பக்கத்தில் தயிர்ப் பச்சடி. சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த வட்டாரத்தில் நான் நடமாட முடியாது. வாரம் முழுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

தயிர்ப் பச்சடி என்றேன் இல்லையா, அங்கே கொஞ்சம் நிற்கிறேன். காட்பாடி ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். காலையிலிருந்து வெறும் வயிற்றில் டீ மேல் டீ. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. ராத்திரி பரோட்டா, சால்னா. அப்புறம் படுக்கப் போகும் முன் ஒரு பெரிய கிண்ணம் தயிர். எதற்கு என்றேன். "உடம்பு சூடு, டாக்டரம்மா. தயிரு குளிர்ச்சியாச்சே" என்றார். டீயை விடுகிறேன், பரோட்டாவைக்கூட விடுகிறேன், தயிரை விட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கூட வந்த அவர் மனைவி சிரித்துவிட்டார்.

தயிர் தொட்டால் சில்லென்று இருக்கும். வயிற்றுக்குள் போனால் அதன் குணம் உஷ்ணம் என்றுதான் ஆயுர்வேதம் சொல்கிறது. செரித்த பிறகும் புளிப்பாகவே நிற்கும். ராத்திரியில் தயிர் கூடாது என்று பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் காலத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்திலும் சரத் காலத்திலும் தயிரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சரி, மோர்? கடைந்து வெண்ணெய் எடுத்த, புளிக்காத மோரில் கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பித்தக்காரர்கள் குடிக்கலாம். எரிச்சல் கடுமையாக இருந்தால் அதுவும் வேண்டாம். நம் தண்ணீர்ப் பந்தலில் பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிப் போடுகிறார்களே, அந்த மோர் தாகத்துக்குச் சரி, பித்தத்துக்கு மருந்தாகாது. கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். நேற்றுக் கரைத்தது பரவாயில்லை. நுரைத்துப் புளித்துப் போனதைக் கூழ்தானே, நல்லது என்று குடிக்காதீர்கள். இட்லி மாவுக்கும் இதே கதை.

ஆட்டோக்காரரிடம் தயிரை மத்தியானத்துக்கு மாற்றச் சொன்னேன். அந்த மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்குள் முடிய வேண்டும் என்றும் சொன்னேன். உச்சிப்பொழுது பித்தத்தின் நேரம். அப்போது வயிற்றில் சோறு இல்லாவிட்டால் எரிச்சலும் கோபமும் சேர்ந்து வரும். நல்ல சவாரி கிடைக்கும் நேரம் போய்விடும் என்று முணுமுணுத்தார். ஆனால் மாற்றிக்கொண்டார். எரிச்சல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. டீ இன்னும் ஓடுகிறது.

புளிப்பில் விதிவிலக்கு நெல்லிக்காயும் மாதுளையும், இரண்டும் பித்தத்துக்கு ஆகும். சோற்றில் ஒரு ஸ்பூன் நெய், கொழுப்பு என்று பயந்து நிறுத்தியவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு திரும்பச் சேர்க்கலாம். ஒரு பங்கு தனியாவை லேசாக இடித்து, ஆறு பங்கு தண்ணீரில் ராத்திரி ஊற வையுங்கள். காலையில் வடிகட்டி, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் குடித்தால் உள் எரிச்சலும் தாகமும் அடங்கும். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை இல்லாமல்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆயிற்று என்று விரலைக் காட்டுகிறார்கள். எண்ணெய்க் குளியலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒன்றுதான் சொல்ல முடியும்: நல்லெண்ணெயும் உஷ்ணம்தான். எரிச்சல் உடம்புக்காரர்கள் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பன்னிரண்டு வரை செல்போன் பார்ப்பது பித்தத்தைக் கூட்டும், அதைப் பேச நேரமில்லை. முக்கியமாக, நெஞ்செரிச்சலோடு வியர்த்துக் கொட்டி வலி இடது கைக்கோ தாடைக்கோ போனால், மலம் தார் போலக் கறுத்தால், பித்தம் என்று தனியாத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.