கருணைக்கு எத்தனை நாள்?

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் என்னைச் சட்ட அறிஞர் என்று அறிமுகப்படுத்திவிட்டார். அது அவருடைய அன்பு. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் நடத்தியவன், அவ்வளவுதான். அரசியல் சாசனத்தின் 72ஆம் பிரிவைப் பாடத்தில் ஒன்றிரண்டு வரியில் முடித்துவிடுவோம். குடியரசுத் தலைவர் தண்டனையை மன்னிக்கலாம், குறைக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒவ்வொரு வருடமும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், ஜட்ஜ் குற்றவாளின்னு சொல்லிட்டாரு. அப்புறம் இவரு யாரு சார் மன்னிக்க?" என்று கேட்பான். "பரீட்சைக்கு வராது, உட்காருடா" என்று தப்பித்திருக்கிறேன். இன்றைக்குத் தப்பிக்க வழியில்லை.

பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆந்திராவில் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஓர் ஆளுங்கட்சிக்காரர். மனைவி எம்.எல்.ஏ. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் ஆளுநருக்கும் உண்டு; 2005இல் அவருடைய மிச்சத் தண்டனையை ஆளுநர் தள்ளுபடி செய்தார். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் கோப்பில் என்ன எழுதியிருந்தது என்று வெளியே தெரிந்தது. அவர் நல்ல காங்கிரஸ் தொண்டர் என்று எழுதியிருந்தது! சாதி, மதம், கட்சி விசுவாசம் பார்த்து மன்னிக்கக் கூடாது என்று 2006இல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்குப் போட ஆள் இல்லாமல் போயிருந்தால்?

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2000 டிசம்பரில் யாழ்ப்பாணம் மிருசுவிலில் எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. சுனில் ரத்நாயக்க என்ற ராணுவத்தினருக்கு 2015இல் மரண தண்டனை. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பு வாங்கப் பதினைந்து வருடம் ஆனது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் வீட்டை விட்டு யாரும் வெளியே வர முடியாத நேரத்தில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவரை மன்னித்து வெளியே அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் பௌத்தர்களின் பொசன் பண்டிகையன்று, கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்பு. அதே நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்ற பதினாறு தமிழ்க் கைதிகளும் விடுதலையானார்கள். அவர்களுக்காக மகிழ்வதா, அவர்களைக் கேடயமாக்கியதற்குக் கோபப்படுவதா என்று தெரியாமல் நம் ஆட்கள் திணறியது எனக்கு நினைவிருக்கிறது. துமிந்தவின் மன்னிப்பை 2024இல் அந்த நாட்டு நீதிமன்றமே செல்லாது என்று சொல்லிவிட்டது.

இதையெல்லாம் கேட்டால் இந்த அதிகாரத்தைத் தூக்கிக் குப்பையில் போடு என்றுதான் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது ராஜஸ்தான் கைதி ஒருவரின் கதை.

1996இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். குற்றத்தின் கொடூரத்தை மட்டும் பார்த்தால் போதும், செய்த ஆளைப் பற்றிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் வழக்கின் தீர்ப்பு. குற்றம், குற்றவாளி இரண்டையும் பார்க்க வேண்டும் என்று 1980இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பின் தவறை உச்ச நீதிமன்றம் 2009இல்தான் ஒப்புக்கொண்டது. அதற்குள் அதே தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வேறு பலருக்கும் தூக்கு விதித்தாகிவிட்டது. 2012இல் ஓய்வு பெற்ற நீதிபதிகள் பதினாலு பேர், இப்படித் தவறாகத் தூக்கு விதிக்கப்பட்டவர்களின் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். கவனியுங்கள், எழுதியது நீதிபதிகள்! நீதிமன்றத்தின் கதவுகளெல்லாம் மூடிய பிறகு தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். மன்னிக்க ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? கே.ஆர். நாராயணன் ஐந்து வருடத்தில் ஒரு கருணை மனுவைக்கூட முடிக்கவில்லை. நம் அப்துல் கலாம் முடித்தது இரண்டே இரண்டு. இருவரும் நல்ல மனிதர்கள். உயிரை எடுக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. ஆனால் கொட்டடியில் இருப்பவனுக்கு அது கருணையாகத் தெரியாது. வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்றைக்குத்தானோ என்று விழிப்பான். 2012இல் பிரதிபா பாட்டீல் ஒரு கைதியின் தூக்கை ஆயுளாகக் குறைத்தார். அந்த ஆள் பெல்காம் சிறையில் இருந்தவர், செத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

பேரறிவாளன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தேதிகளோடு ஒருமுறை கேளுங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைது, வயது 19. கருணை மனு போனது 2000இல். நிராகரித்த பதில் வந்தது 2011 ஆகஸ்டில். பதினொரு வருடம். செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் பிழைத்தார். தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் விட்டுவிட்டேன் என்று ஓய்வு பெற்ற சி.பி.ஐ. அதிகாரி சொன்னது 2013இல். அந்த செப்டம்பரில் தூக்கியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? 2014இல் தாமதத்தைக் காரணம் காட்டித் தூக்கை ரத்து செய்தது நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் சதாசிவம் தலைமையிலான அமர்வு. அப்புறம் 2018இல் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு வருடத்துக்கு மேல் அதை வைத்திருந்துவிட்டு, குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுதலை செய்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்துப்போன போலீசாரின் வீடுகளிலும் இதே முப்பது வருடம் ஓடியது. அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. இதைச் சொன்னால் நம் மேடைகளில் கைதட்டு கிடைக்காது, தெரியும்.

என் சண்டை இந்த மௌனத்தோடுதான். வாத்தியாரான நானே ஒரு பையனை ஃபெயில் ஆக்கினால் எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்று காட்ட வேண்டும். உயிரை எடுக்கவும் கொடுக்கவும் முடிகிறவர் ஒரு பக்கம் காரணம் எழுதக் கூடாதா? குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்கிறபடிதான் செய்கிறார் என்று சொல்வார்கள். சரி, அப்படியென்றால் உள்துறை அமைச்சகம் எழுதட்டும்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 472ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தூக்குக் கைதி கருணை மனு போட முப்பது நாள். மாநிலத்தின் கருத்து கைக்கு வந்ததிலிருந்து மத்திய அரசு பரிந்துரை அனுப்ப அறுபது நாள். முடிவெடுத்த பிறகு சிறைக்குத் தகவல் சொல்ல நாற்பத்தெட்டு மணி நேரம். நடுவில் குடியரசுத் தலைவர் முடிவெடுக்க எத்தனை நாள்? எழுதவில்லை. முடிவுக்கு எப்படி வந்தார் என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.