மொய் வாங்கிக் கட்டிய மைதானம்

நடுவர் அவர்களே, வணக்கம். 'அடுத்த நாட்டுத் தயவில் எழும் தேசியக் கால்பந்து மைதானம் வரமா, சுமையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவுக்குச் சீனா கட்டிக் கொடுத்த மைதானத்தைக் காட்டி, "அது பரிசு இல்லை, மொய், நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். மொய்தான் ஐயா! மொய்க்குப் பயந்து நம் ஊரில் யார் கல்யாணத்தை நிறுத்தினார்கள்?

நோட்டைப் பிரிப்போம். 2007-இல் கோஸ்டாரிகா தைவானை விட்டுவிட்டுச் சீனாவோடு தூதரக உறவு வைத்துக்கொண்டது. அதை ஒட்டி, தலைநகர் சான் ஹோசேயின் லா சபானா பூங்காவில் 1924 முதல் நின்ற பழைய மைதானம் இடிக்கப்பட்டது. அங்கேயே சுமார் 10 கோடி டாலர் செலவில், 35,000 பேர் உட்காரும் மைதானத்தைச் சீனா கட்டிக் கொடுத்தது. "கொள்கையை விற்றுவிட்டார்கள்" என்கிறார் அண்ணன். அதே சீன அரசோடு இந்தியா தூதரக உறவு வைத்தது 1950-இல், அமெரிக்கா வைத்தது 1979-இல். ஊரே சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு கடைசிப் பந்திக்குப் போனவர், ஒரு மைதானத்தோடு வீடு திரும்பியிருக்கிறார். இவரா ஏமாளி?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கட்டியது சீன நிறுவனம். வேலைக்கும் சீனாவிலிருந்தே நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். உள்ளூர்க் கொத்தனாருக்கு அந்தக் கூலி கிடைத்திருக்க வேண்டும். அது பேரத்தில் விட்ட கோட்டை. அதற்கு மைதானம் என்ன செய்யும்?

2011 மார்ச்சில் திறப்பு. முதல் ஆட்டம் சீனாவோடு, 2-2 சமன். மொய் வைத்தவரைப் பந்தியிலேயே தோற்கடிக்க மனசு வரவில்லை போல! 2013-இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டம். ஜமைக்கா, ஹோண்டுராஸ், பனாமா, அமெரிக்கா, மெக்சிகோ என்று ஐந்து அணிகள் அங்கே வந்தன. ஐந்தும் தோற்றுப் போயின. மறு ஆண்டு பிரேசிலில் உருகுவேயையும் இத்தாலியையும் சாய்த்துக் காலிறுதி வரை போனது இதே கோஸ்டாரிகாதான்.

1948-இலேயே ராணுவத்தைக் கலைத்த நாடு அது, நடுவர் அவர்களே. அணிவகுப்பு கிடையாது, பீரங்கி கிடையாது. ஜனங்கள் ஒன்றாக எழுந்து நின்று தேசிய கீதம் பாட ஓர் இடம் வேண்டாமா? அண்ணன் அதைச் சுமை என்கிறார். சான் ஹோசேக்குப் போய், "இறக்கி வையுங்கள், நான் தூக்கிக்கொண்டு போகிறேன்" என்று கேட்டுப் பார்க்கட்டும்!